ஐசியூ பேஷண்ட்டை எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கறது? புதுசா வர்ற ஸ்டாஃபுக்கு

ஐசியூ போஸ்டிங் முதல் தடவை விழுந்த பிள்ளைங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், அக்கா எதை முதல்ல பாக்கறது? உள்ள நுழைஞ்சதும் மானிட்டர்ல நாலஞ்சு கலர்ல கோடு ஓடுது, வென்டிலேட்டர் கத்துது, சிரிஞ்ச் பம்ப் வரிசையா நிக்குது, வாயில ஒரு ட்யூப் மூக்குல ஒரு ட்யூப் கழுத்துல ஒரு லைன், கீழ யூரோபேக், இதுல ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள சார்ட் வேற நிரப்பணும். காலேஜ்ல சொல்லிக் குடுத்த அசெஸ்மென்ட் ஃபார்மட் தலைமுடில ஆரம்பிச்சு கண், காது, மூக்குன்னு கால் விரல் வரைக்கும் போகும். வார்டுல நேரம் இருக்கும், அது சரி. ஐசியூல அந்த வரிசைல போனா நீங்க காது கிட்ட வர்றதுக்குள்ள நிலைமை கைமீறிப் போயிருக்கும்.

இங்க வரிசை வேற, எது சீக்கிரமா உயிரை எடுக்குமோ அது முதல்ல. மூச்சுக்குழாய் அடைச்சா 4, 5 நிமிஷத்துல மூளை அடிவாங்க ஆரம்பிச்சுரும், அதனால ஏர்வே முதல்ல. வழி திறந்திருக்கு ஆனா காத்து உள்ள போய் வரலைன்னா அடுத்த ஆபத்து, அது பிரீத்திங். ரத்த ஓட்டம் குறையறது அதுக்கு அடுத்தது, சர்குலேஷன். அப்புறம் மூளை எப்படி இருக்கு, அது டிஸபிலிட்டி. கடைசியா துணியை விலக்கி முழு உடம்பையும் பாக்கறது, எக்ஸ்போஷர். ஏ பி சி டி ஈன்னு எல்லாருக்கும் மனப்பாடமா தெரியும், கேட்டா உடனே ஒப்பிப்பாங்க, ஆனா அதுல ஒரு கண்டிஷன் இருக்கு, அதைத்தான் மறந்துடறாங்க. ஒவ்வொரு படிலயும் பிரச்சனை கண்ணுல பட்டா அதை சரி பண்ணிட்டுத்தான் அடுத்த படிக்கு போகணும். ஏ-ல சளி கட்டி களகளன்னு சத்தம் கேக்குது, அதை நோட் பண்ணிட்டு பிரஷர் பாக்க போறதுக்கு பேரு அசெஸ்மென்ட் இல்ல, சக்‌ஷன் போட்டு, அதாவது குழாயால சளியை உறிஞ்சி எடுத்து, சத்தம் நின்னதை பாத்துட்டுத்தான் நகரணும்.

ஐசியூன்னு ஒண்ணு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா இதோட அர்த்தம் இன்னும் நல்லா புரியும். 1952ல டென்மார்க்ல கோபன்ஹேகன் நகரத்துல போலியோ பரவி நெஞ்சுத் தசை செயலிழந்து மூச்சு விட முடியாம ஜனங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, பியோர்ன் இப்சன்னு ஒரு மயக்க டாக்டர் தொண்டைல ஓட்டை போட்டு ட்யூப் வச்சு பையை கையால அமுக்கி காத்து குடுக்கலாம்னு செஞ்சு காட்டினார். போதுமான மெஷின் கிடையாது, அதனால மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் நூத்துக்கணக்குல வந்து ஷிஃப்ட் போட்டு பேஷண்ட் பக்கத்துலயே உக்காந்து ராத்திரி பகலா பையை அமுக்கினாங்க, சாவு ரொம்பவே குறைஞ்சுது, அடுத்த வருஷமே அந்த மாதிரி பேஷண்ட்டை எல்லாம் ஒரே இடத்துல வச்சு பாக்கற தனி யூனிட்டை அவரே ஆரம்பிச்சார். அதாவது ஐசியூங்கறது தொடங்கினதே ஒரு ஆள் கண்ணை எடுக்காம பக்கத்துல இருக்கறதுலதான், மெஷின் எல்லாம் பின்னாடி வந்தது. இப்போ அந்த ஆள் நீங்கதான்.

சரி, கட்டில் கிட்ட வந்தாச்சு. மானிட்டரை பாக்காதீங்க, ஒரு பத்து செகண்ட் கால்மாட்டுல நின்னு ஆளைப் பாருங்க. முகம் எந்த நிறத்துல இருக்கு, வேர்த்திருக்கா, நெஞ்சு எப்படி ஏறி இறங்குது, கண்ணு நம்மளைத் தேடுதா. அப்புறம் பக்கத்துல போய் தோளைத் தொட்டு "ஐயா, என்ன பேரு சொல்லுங்க, இப்ப எங்க இருக்கீங்க"ன்னு கேளுங்க. "முருகேசன்மா, ஆஸ்பத்திரில இருக்கேன், வலிக்குதும்மா"ன்னு மூச்சு வாங்காம ஒரு முழு வாக்கியம் வந்துச்சுன்னா இப்போதைக்கு ஏர்வே திறந்திருக்கு, பேசற அளவுக்கு மூச்சு இருக்கு, மூளைக்கு ரத்தமும் போகுது, ஒரே கேள்வில மூணு விஷயம் முடிஞ்சுது. ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினா அதுவும் ஒரு பதில்தான்.

ஏர்வேல சத்தம்தான் முக்கியம். குறட்டை மாதிரி வந்தா நாக்கு பின்னாடி விழுந்திருக்கு, தாடையை தூக்குங்க. களகளன்னா எச்சிலோ சளியோ ரத்தமோ வாந்தியோ இருக்கு, சக்‌ஷன். மூச்சை உள்ள இழுக்கும்போது கீச்சுன்னு வந்தா மேல் மூச்சுக்குழாய் சுருங்குது, அது எமர்ஜென்சி, டாக்டரை கூப்பிட்டுக்கிட்டே இன்டுபேஷன் ட்ராலியை, அதாவது மூச்சுக்குழாய்ல ட்யூப் போடற சாமான் இருக்கற வண்டியை, இழுங்க. எல்லாத்தையும் விட மோசம் சத்தமே இல்லாம நெஞ்சு உள்ள போக வயிறு வெளிய வர்றது, முழுசா அடைச்சிருக்கலாம்.

ட்யூப் போட்ட பேஷண்ட்டுன்னா ஏர்வே செட்டில் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க, ட்யூபும் நகரும். பல் ஓரத்துல எத்தனை சென்டிமீட்டர்ல இருக்குன்னு ஷிஃப்ட் ஆரம்பத்துலயே பாத்து எழுதிக்கோங்க, பொதுவா பெண்களுக்கு 21 கிட்ட, ஆண்களுக்கு 23 கிட்ட இருக்கும். காலைல 22ல இருந்தது சாயங்காலம் 26ன்னா ட்யூப் வலது நுரையீரலுக்குள்ள இறங்கியிருக்கலாம், இடது பக்கம் ஸ்டெத் வச்சா காத்து குறைவா கேக்கும். கஃப், அதாவது ட்யூப் நுனில இருக்கற காத்து பலூன், அதோட பிரஷர் 20லேர்ந்து 30 சென்டிமீட்டர் தண்ணி அளவுக்குள்ள இருக்கணும், விரலால அமுக்கி பாத்து சரியா இருக்குன்னு சொல்றது பழைய பழக்கம், அதை நம்பாதீங்க, மீட்டர் இருந்தா மீட்டர்ல பாருங்க.

வென்டிலேட்டர்ல இருக்கறவருக்கு சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு, திடீர்னு சரிஞ்சா ஒண்ணு ஒண்ணா யோசிங்க. ட்யூப் இடம் மாறிடுச்சா, ட்யூப் உள்ள சளி அடைச்சிருக்கா, நுரையீரலுக்கு வெளிய காத்து கட்டிடுச்சா, மெஷின்லயே கோளாறா. யோசிக்க நேரம் இல்லைன்னா மெஷினை கழட்டி அம்பு பேக்கை மாட்டி 100 பர்சென்ட் ஆக்ஸிஜன்ல கையால குடுங்க, உதவிக்கு சத்தம் போட்டு கூப்பிடுங்க. கையால குடுக்கும்போது சாச்சுரேஷன் ஏறிடுச்சுன்னா மெஷின் பக்கம் சந்தேகம், கல்லை அமுக்கற மாதிரி பேக் இறுகி இருந்தா அடைப்போ காத்தோ. சக்‌ஷன் குழாயை விட்டுப் பாருங்க, உள்ள போகலைன்னா அடைப்பு.

பிரீத்திங்ல என் ஆத்தாமை எல்லாம் ஒரு நம்பர் மேலதான், ரெஸ்பிரேட்டரி ரேட். எந்த ஆஸ்பத்திரி சார்ட்டை வேணா எடுத்துப் பாருங்க, வார்டு முழுக்க எல்லாரும் 20, 20, 22, 20ன்னு மூச்சு விட்டுக்கிட்டு இருப்பாங்க, பதினஞ்சு பேருக்கு ஒரே மூச்சு எப்படி வரும், யாரும் எண்றதில்ல, அதான் விஷயம். பிரஷரும் பல்ஸும் மெஷின் குடுத்துரும், மூச்சை ஒரு நிமிஷம் நின்னு எண்ணணும், அதுக்கு சோம்பேறித்தனம். ஆனா உடம்பு கெட்டுப்போக ஆரம்பிச்சதை முதல்ல காட்டிக்குடுக்கறதே பெரும்பாலும் இந்த நம்பர்தான். லண்டன்ல இருக்கற ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017ல திருத்தி வெளியிட்ட, பேஷண்ட் மோசமாகறாரான்னு மார்க் போட்டுப் பாக்கற நியூஸ் 2 ஸ்கோர்ல மூச்சு 25ஓ அதுக்கு மேலயோ போனாலும் 8ஓ அதுக்கு கீழயோ வந்தாலும் அந்த ஒண்ணுக்கு மட்டுமே உச்ச மார்க் 3 போடச் சொல்றாங்க. எண்ணும்போது "மூச்சை எண்ணப் போறேன்"னு சொல்லாதீங்க, சொன்னா அவங்க மூச்சை மாத்திடுவாங்க. பல்ஸ் பாக்கற மாதிரி மணிக்கட்டை பிடிச்சுக்கிட்டே கண்ணு மட்டும் நெஞ்சு மேல இருக்கட்டும், முழு 60 செகண்ட் எண்ணுங்க, 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கறது வேண்டாம், மூச்சு சீரா இல்லாதவங்களுக்கு அதுல நிறைய தப்பு வரும்.

சாச்சுரேஷன் நம்பரை நம்பறதுக்கு முன்னாடி பக்கத்துல அலை ஒழுங்கா வருதான்னு பாருங்க. கை ஜில்லுனு இருந்தா, நடுங்கினா, நகத்துல அடர்த்தியா பாலிஷ் இருந்தா நம்பர் பொய் சொல்லும், விரலை மாத்துங்க இல்ல காதுல போடுங்க. இன்னொண்ணு, ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டு 98 காட்டுதேன்னு நிம்மதி ஆகாதீங்க, ஆக்ஸிஜன் உள்ள போறதைத்தான் அது சொல்லும், கார்பன் டை ஆக்சைடு வெளிய வருதான்னு சொல்லாது. வருஷக்கணக்கா பீடி குடிச்ச தாத்தா, விறகடுப்புப் புகைல காலம் முழுக்க சமைச்ச பாட்டி, இவங்களுக்கு நுரையீரல் ஏற்கனவே பழுதாகி இருந்தா 88லேர்ந்து 92 போதும். 100க்கு கொண்டுபோகணும்னு ஆக்ஸிஜனை ஏத்திக்கிட்டே போனா அவங்க அமைதியா தூங்க ஆரம்பிப்பாங்க, நைட் டியூட்டில "பாட்டி நல்லா தூங்கறாங்க"ன்னு சந்தோஷப்படுவோம், உண்மைல கார்பன் டை ஆக்சைடு ஏறி மயங்கிக்கிட்டு இருப்பாங்க. எழுப்பிப் பாருங்க, எழுந்திரிக்கலைன்னா ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்துல வாயு அளவு பாக்கற டெஸ்ட்.

அடுத்து ரத்த ஓட்டம். இங்க எல்லாரும் பிரஷரை மட்டும் பாத்துட்டு போயிடுவாங்க. பிரஷர் 110/70, நார்மல்னு எழுதிட்டு அடுத்த பெட். ஆனா பிரஷர் கடைசிலதான் விழும். மாசக் கடைசில பணமே இல்லாத வீட்டுல நகையை அடகு வச்சு வெளிய தெரியாம குடும்பம் நடத்துவாங்கல்ல, உடம்பும் அப்படித்தான், ஹார்ட்டை வேகமா அடிக்க வச்சு, கை கால் தோலுக்கு போற ரத்தத்தை நிறுத்தி, கிட்னிக்கு போறதை குறைச்சு பிரஷரை மட்டும் காப்பாத்திக்கிட்டு இருக்கும். அதனால அடகுக்கடையைத்தான் நாம பாக்கணும். கை கால் ஜில்லுனு இருக்கா, முட்டி மேல ஊதா கலர்ல வலை மாதிரி திட்டுத்திட்டா படர்ந்திருக்கா, விரல் நுனியை ஒரு 5, 10 செகண்ட் அழுத்திட்டு விட்டா ரத்தம் திரும்பி வர 3 செகண்டுக்கு மேல ஆகுதா. இது எதுக்கும் காசு கிடையாது, மெஷினும் வேண்டாம்.

யூரின் இன்னொரு கண்ணாடி. கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லி வரணும், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30. அதுக்குத்தான் மணிக்கு ஒருதரம் அளக்க சொல்றது, ஷிஃப்ட் முடியும்போது பேக்கை மொத்தமா காலி பண்ணி 8 மணி நேரத்துக்கு 150ன்னு எழுதினா, அது குறைய ஆரம்பிச்சது எப்பன்னு யாருக்கும் தெரியாது. வரவே இல்லைன்னா பயப்படறதுக்கு முன்னாடி ட்யூப் மடங்கியிருக்கான்னு ஒரு பார்வை பாத்துருங்க.

மீன் பிரஷர், அதாவது சராசரி பிரஷர், 65க்கு மேல இருக்கணும்னு ஆர்டர் எழுதியிருப்பாங்க. கீழ் பிரஷரை ரெண்டால பெருக்கி மேல் பிரஷரோட கூட்டி மூணால வகுக்கணும். 90/50ன்னா 190ஐ மூணால வகுத்தா 63, பத்தாது. ஆர்ட்டீரியல் லைன், அதாவது தமனிக்குள்ள பிரஷர் அளக்கற குழாய், போட்டிருந்தா அதோட ட்ரான்ஸ்டியூசர் (பிரஷரை மானிட்டருக்கு சொல்ற கருவி) ஹார்ட் மட்டத்துல இருக்கான்னு பாருங்க, நாலாவது விலா இடைவெளியும் அக்குள் நடுக்கோடும் சேர்ற இடம்தான் அது. 10 சென்டிமீட்டர் கீழ தொங்கினா கிட்டத்தட்ட 7, 8 மிமீ அதிகமா காட்டும், யாரோ கட்டிலை மேல ஏத்திட்டு ட்ரான்ஸ்டியூசரை அப்படியே விட்டுட்டு போயிருப்பாங்க, 68ன்னு காட்டற பிரஷர் உண்மைல 60ஆ இருக்கும், அதை நம்பி பிரஷரை ஏத்தற மருந்தான நார்அட்ரினலினை வேற குறைச்சுருப்போம்.

டி-ல ஜிசிஎஸ், நினைவு எவ்வளவு இருக்குன்னு மார்க் போடற கிளாஸ்கோ ஸ்கேல். கிளாஸ்கோல டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974ல கொண்டு வந்தது, கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒண்ணுமே இல்லைன்னாலும் 3தான், பூஜ்யம் கிடையாது. மொத்தத்தை மட்டும் எழுதாம மூணையும் தனித்தனியா எழுதுங்க, ரெண்டு பேரும் 9தான், ஆனா ஒருத்தர் சொன்னதை செய்யறார், இன்னொருத்தர் வலிக்கு கையை மடக்கறார்னா அவங்க ரெண்டு பேரும் ஒண்ணு இல்ல. ட்யூப் போட்டவங்களுக்கு பேச்சு மார்க் போட முடியாது, ட்யூபைக் குறிக்க Tன்னு எழுதணும். முந்தினதை விட 2 குறைஞ்சா காத்திருக்காதீங்க, கூப்பிடுங்க. திருப்பூர் பக்கம் மாதிரி வடமாநில ஆளுங்க நிறைய வேலை செய்யற ஊர்ல ஒண்ணு கவனிக்கணும், தமிழ்ல கேட்டு பதில் வரலைன்னு குழப்பம்னு மார்க்கை குறைச்சுடறாங்க, அவருக்கு கேள்வியே புரிஞ்சிருக்காது, கூட வந்த ஆளை ஃபோன்லயாவது பேச வச்சு அவர் மொழில கேட்டுட்டு மார்க் போடுங்க.

மயக்கமா வர்ற யாருக்கும், ஸ்ட்ரோக்குன்னு சொல்லி கூட்டிட்டு வந்தாலும் சரி, குடிச்சிருக்கார்னு சொன்னாலும் சரி, முதல்ல விரல்ல குத்தி சுகர் பாருங்க. ஒரு நிமிஷ வேலை. 70க்கு கீழ இருந்து ஆள் மயக்கமா இருந்தா டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினதும் சில நிமிஷத்துல கண்ணைத் தொறந்து யாருப்பா நீங்கல்லாம்னு கேட்டவங்க உண்டு.

இன்னொரு விஷயம், ராத்திரி தரைல படுத்து தூங்கினவர், காலைல வயித்து வலி, கண் இமையைத் தூக்க முடியல, பேச்சு குளறுதுன்னு வந்தா கட்டுவிரியன் ஞாபகம் வரணும். கடிச்ச தடம் பல சமயம் தெரியவே தெரியாது, வலியும் இருக்காது. விஷம் ஏற ஏற எல்லா தசையும் செயலிழந்து கண் பாப்பா கூட விரிஞ்சு வெளிச்சத்துக்கு சுருங்காம மூளைச்சாவு மாதிரியே தெரியும், ஆனா உள்ள நினைவு முழுசா இருக்கலாம், நீங்க பேசறது அத்தனையும் கேக்கும். அந்த கட்டில் பக்கத்துல நின்னு "இது தேறாது"ன்னு யாராவது சொன்னா வாயை மூடச் சொல்லுங்க, பெரிய டாக்டரா இருந்தாலும் மரியாதையா வெளிய கூட்டிட்டு போய் பேசச் சொல்லுங்க. கண் முழுசா மூடாததால கார்னியா, அதாவது கருவிழி, காயும், சொட்டு விட்டு டேப் போட்டு மூடறதும் நம்ம வேலைதான்.

ஈ சின்ன விஷயம், ஸ்க்ரீனை இழுத்துட்டு துணியை விலக்கி முன்னாடி பின்னாடி ரெண்டும் பாக்கணும், அவ்வளவுதான். முதுகை யாரும் திருப்பிப் பாக்கறதில்ல, புண்ணு அங்கதான் ஆரம்பிக்கும், ரத்தம் கசிஞ்சு பெட்ஷீட்டுக்கு அடில தேங்கறதும் அங்கதான். பாத்துட்டு போர்த்திவிடுங்க, குளிர்ல நடுங்க விடாதீங்க.

இப்போ இந்த வரிசை எங்க சறுக்கும்னு ஒரு கேஸ் வச்சு பாக்கலாம், நம்ம ஊர்ல எல்லா ஐசியூலயும் வர்ற கேஸ்தான், பூச்சிமருந்து குடிச்சவங்க. கேஸ் உள்ள வந்த உடனே எல்லார் கையும் மூக்கு வழியா வயித்துக்கு விடற ரைல்ஸ் ட்யூபுக்குத்தான் போகும், வயித்தைக் கழுவணும், வீட்டுக்காரங்களும் வெளிய நின்னு "கழுவிட்டீங்களா கழுவிட்டீங்களா"ன்னு அதையேதான் கேப்பாங்க. ஆனா ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிமருந்துல ஆளை உடனே கொல்றது வயித்துல இருக்கற மிச்சம் இல்ல, நுரையீரல் நிறைய பொங்கற நீர். வாயில நுரை, நெஞ்சு முழுக்க களகளன்னு சத்தம், கண் பாப்பா ஊசிமுனை அளவு, உடம்பெல்லாம் வேர்வை, பல்ஸ் 50. அரைமயக்கத்துல இருக்கறவருக்கு ஏர்வேயை பாதுகாக்காம ட்யூபை விட்டு தண்ணி ஊத்தினா வாந்தி நேரா நுரையீரலுக்கு போயிடும். அதனால முதல்ல இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு சக்‌ஷன், ஆக்ஸிஜன், ஐவி லைன், தேவைப்பட்டா இன்டுபேஷன், கூடவே நீர் சுரக்கறதை நிறுத்தற அட்ரோபின். க்ளவுஸ் போட்டுக்கிட்டு துணியை முழுசா கழட்டி சோப்பு போட்டு உடம்பை கழுவிவிடணும், தோல் வழியாவும் உள்ள போயிக்கிட்டே இருக்கும், நமக்கும் ஒட்டும். வயித்தைக் கழுவறது அதுக்கப்புறம், அதுவும் குடிச்சு கொஞ்ச நேரத்துக்குள்ள வந்தாத்தான் பிரயோஜனம்.

அட்ரோபின் டோஸ் டாக்டர் சொல்வார், வழக்கமா 5 நிமிஷத்துக்கு ஒருதரம் ரெட்டிப்பாக்கிக்கிட்டே போவாங்க, ஆனா போதும்னு எப்ப சொல்றதுங்கறது பக்கத்துல நிக்கற உங்க கண்ணுலயும் ஸ்டெத்துலயும்தான் இருக்கு. நெஞ்சு சுத்தமா கேக்கணும், ஹார்ட் ரேட் 80க்கு மேல, மேல் பிரஷர் 80க்கு மேல, அக்குள் காஞ்சிருக்கணும், கண் பாப்பா ஊசிமுனைலேர்ந்து விரியணும். இதுல நெஞ்சும் அக்குளும் தான் நம்பகமானது. அக்குள்ல விரலை வச்சுப் பாருங்க, ஈரம் இருந்தா இன்னும் பத்தல. அளவு மீறிட்டா வேற மாதிரி தெரியும், காய்ச்சல் அடிக்கும், போர்வையைப் பிய்ச்சு எறிவார், வயித்துல ஸ்டெத் வச்சா குடல் சத்தமே கேக்காது, அப்போ குறைக்கணும்.

முதல் நாள் தாண்டி நல்லா பேசிக்கிட்டு இருக்கார், இட்லி கேக்கறார்னு ஜாலியா இருந்துடாதீங்க. 1 நாள்லேர்ந்து 4 நாளுக்குள்ள கழுத்துத் தசை, மூச்சுத் தசை பலவீனமாகி திரும்பவும் வென்டிலேட்டர் தேவைப்படலாம், அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும், "அண்ணா, தலையணைலேர்ந்து தலையை மட்டும் தூக்குங்க பாப்போம்". நேத்து தூக்கினவர் இன்னைக்கு முடியலைன்னா டாக்டருக்கு ஃபோன். அப்புறம் தயவுசெஞ்சு ஏன் குடிச்சே, புள்ளைங்களை நினைச்சுப் பாத்தியான்னு கட்டில் பக்கத்துல பஞ்சாயத்து வைக்காதீங்க, அதுக்கு ஆளுங்க இருக்காங்க, மனநல டாக்டருக்கு ரெஃபரல் போயிருக்கான்னு மட்டும் பாருங்க.

ஒரு பேஷண்ட்டுக்குள்ள எது முதல்லன்னு பாத்தாச்சு. ஆனா வென்டிலேட்டர் பேஷண்ட்டுக்கு 1க்கு 1 ஸ்டாஃப்னு பேப்பர்ல இருக்கும், நைட்டுல நிஜம் என்னன்னு நமக்குத் தெரியும். மூணு பெட் உங்க கைல இருக்குன்னு வைங்க. 4ஆவது பெட் பையன், கால் உடைஞ்சு ஆபரேஷன் ஆனவன், "சிஸ்டர் வலிக்குது சிஸ்டர்"னு ஐசியூவே அதிர கத்தறான். 6ஆவது பெட்ல வென்டிலேட்டர் ஹை பிரஷர் அலாரம். நடுவுல 5ஆவது பெட்ல சுகர் அம்மா, கால்ல சீழ் வச்ச புண்ணை சுத்தம் பண்ணி காலைலதான் தியேட்டர்லேர்ந்து வந்தாங்க, சத்தமே இல்லாம சுவரைப் பாத்துப் படுத்திருக்காங்க. எங்க போவீங்க?

போற வழில 6ஐ ஒரு பார்வை, ஏன்னா அது ஏர்வே. ட்யூபைக் கடிக்கறாரா, இருமறாரா, சளியா, ட்யூப் மடங்கியிருக்கா, சாச்சுரேஷன் என்ன. இருமல்தான், சக்‌ஷன் போட்டதும் அலாரம் நின்னுருச்சு. அடுத்து 5. கத்தற பையனுக்கு ஏர்வே திறந்திருக்குன்னு அவன் தொண்டையே சொல்லுது, அவன் வலி பொய் இல்ல, நிச்சயமா போகணும், ஆனா மூணாவதா. சத்தம் போடாதவங்கதான் ஐசியூல பயப்படவேண்டியவங்க. அந்த அம்மாவோட கையைத் தொட்டா ஜில்லுனு இருக்கு, மூச்சு எண்ணினா 32, பேரு கேட்டா "ம்ம்"ங்கறாங்க.

இப்போ டியூட்டி டாக்டரை எழுப்பணும், ராத்திரி 3 மணி. "சார், 5ஆவது பெட் பேஷண்ட் சரியில்ல சார்"னு சொன்னீங்கன்னா "பாத்துக்கோம்மா, வரேன்"னு பதில் வரும், வர்றதுக்கு அரைமணி நேரம் ஆகும். இப்படி சொல்லுங்க. "சார், ஐசியூ 5ஆவது பெட்லேர்ந்து பேசறேன். கால் புண்ணுக்கு காலைல தியேட்டர் போன சுகர் பேஷண்ட், 58 வயசு. 2 மணி நேரத்துல மூச்சு 20லேர்ந்து 32க்கு போயிருக்கு, ஹார்ட் ரேட் 128, பிரஷர் 92/50, மீன் 64, டெம்பரேச்சர் 102. கை கால் ஜில்லுனு இருக்கு, யூரின் 2 மணி நேரத்துக்கு 25 மில்லிதான், கூப்பிட்டா கண்ணைத் தொறக்கறாங்க, பேச்சு குழப்பமா இருக்கு, சுகர் 240. செப்சிஸ் மாதிரி தெரியுது சார். ஆக்ஸிஜன் போட்டுட்டேன், ரெண்டாவது லைன் போட்டுட்டேன், லாக்டேட்டுக்கும் கல்ச்சருக்கும் ரத்தம் எடுக்க எல்லாம் ரெடி. நீங்க இப்ப வந்து பாக்கணும் சார்." அரை நிமிஷம்தான் ஆகும். இதுக்கு மேல தூங்கற டாக்டரை நான் பாத்ததில்ல, அப்படியும் வரலைன்னா தயங்காம அவருக்கு மேல இருக்கறவரை கூப்பிடணும், கூப்பிட்ட நேரத்தையும் சொன்னதையும் நோட்ஸ்ல எழுதணும்.

செப்டிக் ஷாக், அதாவது கிருமித் தொற்று முத்தி பிரஷர் விழற நிலைன்னு டாக்டர் முடிவு பண்ணிட்டா வேலை மளமளன்னு வரும், ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், எந்தக் கிருமின்னு பாக்கற கல்ச்சர் அதுக்கு முன்னாடி எடுத்திருக்கணும், ஆனா ரத்தம் கிடைக்கலைன்னு ஆன்டிபயாடிக்கை தள்ளிப்போடக் கூடாது. சலைன் பொதுவா முதல் 3 மணி நேரத்துல கிலோவுக்கு 30 மில்லி, 60 கிலோன்னா 1800. ஹார்ட், கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கு நடுவுலயும் நெஞ்சோட அடிப்பக்கத்துல ஸ்டெத் வைங்க, கரகரன்னு நீர் சத்தம் புதுசா வந்தா சொல்லணும்.

உயிர் ஆபத்து எல்லாம் ஓஞ்சப்புறம் வர்ற வேலையை கேவலமா நினைக்காதீங்க, ஐசியூல பாதிப் பேரை கரை சேர்க்கறது அதுதான். பெல்ஜியம் டாக்டர் ழான் லூயி வின்சென்ட் 2005ல ஃபாஸ்ட் ஹக்னு ஒண்ணு எழுதினார், ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் தினம் கேட்டுக்க வேண்டிய ஏழு விஷயம். சாப்பாடு போகுதா, வலி இருக்கா, தூக்க மருந்து தேவைக்கு மேல ஓடுதா, கால்ல ரத்தம் கட்டாம இருக்க ஏதாவது குடுக்கறோமா, தலைமாடு 30லேர்ந்து 45 டிகிரி உயர்ந்திருக்கா, வயித்துப்புண் வராம மருந்து உண்டா, சுகர் கட்டுல இருக்கா. சுகரை 90, 100க்கு கொண்டுவரணும்னு ஒரு காலத்துல விரட்டினாங்க, 2009ல நைஸ் சுகர்னு பெரிய ஆய்வு வந்து அப்படி இறுக்கிப் பிடிச்சா சாவு கூடுதுன்னு காட்டினப்புறம் இப்போ 140லேர்ந்து 180தான் பெரும்பாலும். தலைமாடு மட்டும் எப்பவும் ஏமாத்தும், 30 டிகிரி இருக்கும்னு நினைப்போம், கட்டில் ஓரத்துல இருக்கற அளவைப் பாத்தா 15ல இருக்கும், பேஷண்ட் வேற வழுக்கி கீழ வந்திருப்பார்.

வெளிய காத்துக்கிட்டு இருக்கற சொந்தக்காரங்களும் இந்த லிஸ்ட்ல உண்டு. ஷிஃப்ட்டுக்கு ஒருதரமாவது போய் "அம்மாவுக்கு இப்ப மூச்சு மெஷின்ல ஓடுது, பிரஷருக்கு மருந்து போகுது, டாக்டர் 11 மணிக்கு உங்ககிட்ட பேசுவார்"னு புரியற மாதிரி சொல்லுங்க, சொல்லாதப்பதான் சண்டை வரும். பொழைச்சுருவாங்களான்னு கேட்டா மட்டும் நீங்களா எதுவும் வாக்கு குடுக்காதீங்க.

கடைசியா ஓவர் எடுக்கறது, அதாவது ஷிஃப்ட் மாறும்போது பேஷண்ட்டை ஒப்படைச்சு வாங்கறது. கவுண்டர்ல உக்காந்து நோட்டைப் பாத்து எடுக்காதீங்க, ரெண்டு ஸ்டாஃபும் கட்டில் பக்கத்துல நின்னு ஏலேர்ந்து ஈ வரைக்கும் சேர்ந்தே பாக்கணும், ட்யூப் மார்க், பம்ப் ரேட், லைன் போட்ட தேதி, முதுகு, எல்லாம். முக்கியமா நார்அட்ரினலின் சிரிஞ்ச். 50 மில்லில இப்ப 8 மில்லிதான் மிச்சம், மணிக்கு 5 மில்லி ஓடுதுன்னா ஒன்றரை மணி நேரத்துல காலி, அது முடிஞ்ச ரெண்டு மூணு நிமிஷத்துல பிரஷர் தரைக்கு போயிடும். போறவங்க அடுத்த சிரிஞ்சை லோட் பண்ணி லேபிள் ஒட்டி வச்சுட்டு போகணும், வர்றவங்க அது இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஓவர் எடுத்துக்கிட்டதா கையெழுத்து போடணும்.